சுருட்டை முடிப் பிள்ளைகளுக்கு: ஈரம் முதலில், எண்ணெய் அப்புறம்

என் மகளுக்கு ஏழு வயது. தலை நிறைய சுருட்டை. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டில் தேங்காய்க்குக் குறைவில்லை. பிறந்த இருபத்தெட்டாம் நாள் சடங்கான இருபத்தெட்டு கட்டிய நாளிலிருந்து அவள் தலையில் எண்ணெய் படாத நாளே கிடையாது. அப்படியும் நான்கு வயதில் அவள் முடி தேங்காய் நார் மாதிரி வறண்டு கிடந்தது. "பிள்ளைக்க தல என்ன, காக்கா கூடு மாதிரி கெடக்கு? இன்னும் கொஞ்சம் எண்ணெய் வையி" என்று அம்மா சொல்வார். வைத்தேன். முடி பிசுபிசுத்தது, வறட்சி மட்டும் அப்படியே இருந்தது. காலையில் சீப்பை எடுத்தாலே பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள்.

எண்ணெயில் ஈரம் கிடையாது என்பது எனக்குப் புரிந்தபோதுதான் வழி திறந்தது. ஈரம் என்றால் தண்ணீர். உள்ளே போன தண்ணீரைப் பிடித்து வைப்பதுதான் எண்ணெயின் வேலை. காய்ந்த முடியில் எவ்வளவு எண்ணெய் வைத்தாலும், பிடித்து வைக்க உள்ளே ஒன்றும் இல்லை. இந்த மூன்று வருடத்தில் நான் கற்றது எல்லாம் இந்த ஒரு விஷயத்தின் விரிவுதான். நம் ஊர்த் தண்ணீரிலும் காற்றிலும் இதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

சுருட்டை ஏன் வறள்கிறது

முடி முளைக்கும் வேர்க்குழி, சுருளாத கோரை முடிக்கு வட்டமாக, நேராக இருக்கும். சுருட்டை முடிக்கு அது நீள்வட்டமாக, வளைந்து இருக்கும். அந்த வளைவோடுதான் முடி வெளியே வருகிறது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் கோரை முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை போய்விடும். சுருளில் ஒவ்வொரு வளைவிலும் ஏறி இறங்கி, பாதி வழியிலேயே நின்றுவிடும். பிள்ளைகளுக்குப் பருவ வயது வரும்வரை அந்தச் சுரப்பும் குறைவு. அதனால் வேர் நன்றாக இருக்கும்போதே நுனி காய்ந்து போகிறது.

இன்னொன்று. முடியின் மேற்பரப்பு மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். வளைவுகளில் அந்தச் செதில் சற்றுத் தூக்கி நிற்கும். அதன் வழியாக ஈரம் வெளியேறுவதும் சுலபம், ஒரு முடி இன்னொன்றில் மாட்டிச் சிக்காவதும் சுலபம்.

மூன்றாவதுதான் முக்கியம். முடி நனையும்போது அதற்குள் இருந்து வடிவத்தைப் பிடித்து வைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழ்கின்றன. காயும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதே வடிவத்தில் மறுபடி பூட்டிக்கொள்கின்றன. ஆகவே சுருளின் அழகு முழுக்க நனைந்த முடியில்தான் தீர்மானமாகிறது. காய்ந்த பிறகு சீப்பு போட்டால், பூட்டிய சுருளை இழுத்துப் பிரிக்கிறோம். அது பஞ்சாகப் பொங்குவது அதனால்தான்.

ஒரே தலையில் எல்லாச் சுருளும் ஒன்றுபோல் இருக்காது. என் மகளுக்குப் பிடரியில் ஸ்பிரிங் மாதிரி இறுக்கம், முன்பக்கம் அலை மட்டும். பிடரிக்குக் கிரீம் கூடுதலாக வேண்டும், முன்பக்கத்துக்கு அதே அளவு வைத்தால் படிந்துவிடும். முதலில் உங்கள் பிள்ளையின் தலையை நனைத்து, எதுவும் வைக்காமல் காயவிட்டுப் பாருங்கள். எங்கே என்ன சுருள் என்று தெரியும்.

வேண்டிய பொருட்கள்

சல்பேட் இல்லாத ஷாம்பு ஒன்று. பாட்டிலின் பின்னால் சோடியம் லாரில் சல்பேட், சோடியம் லாரெத் சல்பேட் என்று முதல் வரிகளில் இருந்தால் அது இந்த முடிக்குக் கடுமை. வழுவழுப்பான கண்டிஷனர் ஒன்று, பெரிய பாட்டிலாக, ஏனென்றால் ஷாம்புவைவிட மூன்று மடங்கு இதுதான் செலவாகும். அகலப் பல் சீப்பு. தண்ணீர் தெளிக்கும் பாட்டில். ஒரு துவர்த்து, அதாவது மெல்லிய பருத்தித் துண்டு. பூத்துவாலை வேண்டாம், அதன் நூல் வளையங்கள் சுருளில் மாட்டும். நன்றாகத் துவைத்து மெலிந்த பழைய துவர்த்துதான் இதற்கு முதல் தரம்.

எண்ணெய்க்கு நம் வீட்டுத் தேங்காயெண்ணெயே போதும். அதிலுள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் போகக்கூடியது. கடையில் விற்கும் மினரல் ஆயில் மேலே மட்டும்தான் படியும். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கிற உருக்கெண்ணெய் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது, மென்மையாக இருக்கும்.

ஜெல் வீட்டிலேயே செய்யலாம். ஆளி விதை 2 மேசைக்கரண்டி, தண்ணீர் ஒரு பெரிய தம்ளர். சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். ஏழெட்டு நிமிடத்தில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூல் இழுக்கும். அந்த நிமிடமே இறக்கி, சூட்டோடு மெல்லிய துணியில் வடித்துவிட வேண்டும். ஆறிவிட்டால் எவ்வளவு பிழிந்தாலும் இறங்காது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும், வாடை மாறினால் கொட்டிவிடுங்கள். முதல் தடவை காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து, ஒரு நாள் பொறுத்து, தடிப்பு இல்லையென்றால் தலைக்கு வையுங்கள். கடையில் வாங்கும் கிரீமுக்கும் இதே சோதனைதான்.

செம்பருத்தித் தாளி பற்றி நம் பக்கத்தில் எல்லாரும் கேட்பார்கள். நல்லதுதான். இலையைக் கசக்கினால் வருகிற கொழகொழப்பு முடிக்கு நன்றாக வழுக்கல் கொடுக்கும். ஆனால் இரண்டு முறை துணியில் வடிக்க வேண்டும், இல்லையென்றால் இலைத் துணுக்கு சுருளில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பொறுக்க வேண்டிவரும். சீயக்காய்த் தூளை இந்த முடிக்கு நான் சொல்ல மாட்டேன். கண்ணும் எரியும், முடியும் வறளும்.

தலைக்குளிப்பு நாள்

வாரத்துக்கு ஒரு முறை போதும். வேர்த்து விளையாடுகிற பிள்ளை என்றால் இரண்டு. எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலை. அவசரமில்லாத நாளாக இருக்க வேண்டும். முதல் சில வாரங்கள் ஒரு மணி நேரம் ஆகும், பழகியபின் முப்பது நிமிடத்தில் முடியும்.

முதலில் எண்ணெய். குளிப்பதற்கு அரை மணி முன்பு, முடியை லேசாகத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, 2 தேக்கரண்டி தேங்காயெண்ணெயை நடுவிலிருந்து நுனிவரை தடவுங்கள். தண்ணீரில் ஊறி முடி வீங்கி, மறுபடி சுருங்கி, அப்படியே பலவீனமாவதை இந்த எண்ணெய் தடுக்கும். இரவு முழுக்க ஊறவைக்கத் தேவையில்லை.

பிறகு ஷாம்பு. தலையை நான்கு பாகமாகப் பிரித்து, தளர்வாக ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள். ஷாம்பு தலைத்தோலுக்கு மட்டும். ஒரு சிறு நெல்லிக்காய் அளவை ஒரு கப் தண்ணீரில் கலக்கி, விரல் நுனியால் தேய்த்தால் போதும். முடியை உச்சியில் குவித்துக் கசக்கித் தேய்க்காதீர்கள், அங்கேதான் பாதிச் சிக்கு உண்டாகிறது. கழுவும்போது நுரை வழிந்து இறங்குவதே நுனியைச் சுத்தமாக்கும்.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். குளச்சல், மணவாளக்குறிச்சி மாதிரி கடலோரத்து வீடுகளிலும், போர்வெல் தண்ணீர் வருகிற பல வீடுகளிலும் வாளியின் அடியில் வெள்ளைப் படிவு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கால்சியம், மக்னீசியம் உப்புகள். அதே படிவு முடியிலும் நிற்கும், பிறகு எந்தக் கிரீம் வைத்தாலும் ஏறாது. எங்கள் கிணற்றுத் தண்ணீரும் கொஞ்சம் அப்படித்தான். கடைசி இரண்டு செம்பு மட்டும் குழாயில் வரும் குடிதண்ணீரை ஊற்றுகிறேன். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரை, முதல் மழை கழிந்தபின், மூடிய பாத்திரத்தில் பிடித்து வைக்கிறேன். அதைவிட மென்மையான தண்ணீர் கிடையாது. கழுவியபின் முடி கைக்கு வழுக்குவதிலேயே வித்தியாசம் தெரியும்.

சிக்கெடுப்பது

எல்லாவற்றிலும் பெரிய வேலை இது. பிள்ளை அழுவதும் இங்கேதான், நாம் பொறுமை இழப்பதும் இங்கேதான். ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஷாம்புவைக் கழுவியதும் தண்ணீரைப் பிழிய வேண்டாம். சொட்டச் சொட்ட இருக்கும் முடியில், ஒரு பாகத்துக்கு ஒரு எலுமிச்சம்பழ அளவு கண்டிஷனர் எடுத்துப் பூசுங்கள். கூடுதலாகத் தோன்றும், பரவாயில்லை. பாசி படிந்த குளத்துப் படிக்கல் மாதிரி வழுக்க வேண்டும். வழுக்கவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் தண்ணீர், இன்னும் கொஞ்சம் கண்டிஷனர்.

முதலில் விரல். ஒரு கையால் முடியை நடுவில் பிடித்துக்கொள்ளுங்கள், இழுப்பு வேருக்குப் போகாது, வலியும் இருக்காது. மற்றக் கையின் விரல்களால் நுனியிலிருந்து தொடங்குங்கள். நுனி அவிழ்ந்தபின் இரண்டு அங்குலம் மேலே. அப்புறம் இன்னும் மேலே. உச்சியில் தொடங்கிக் கீழே இழுத்தால் எல்லாச் சிறு முடிச்சும் சேர்ந்து ஒரே பெரிய முடிச்சாகிவிடும். நனைந்த முடி ரப்பர் மாதிரி நீளும், ஆனால் பலம் குறைந்தது, பலமாக இழுத்தால் அறுந்துவிடும். விரலுக்கு வழி கிடைத்தபின்தான் அகலப் பல் சீப்பு, அதுவும் நுனியிலிருந்துதான்.

விடாத முடிச்சு வந்தால் கத்தரிக்கோலைத் தேடாதீர்கள். அதன்மேல் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, முடிச்சைக் கீழ்நோக்கி இழுக்காமல் இரு பக்கமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு முடியாகக் கழன்று வரும்.

பிள்ளையை ஸ்டூலில் உட்காரவைத்து, கையில் ஒரு குவளையும் தண்ணீரும் கொடுத்துவிடுங்கள். நான் கதை சொல்வேன். திற்பரப்பு அருவி எங்கிருந்து வருகிறது, கோதையாறு எங்கே போகிறது என்று தொடங்கினால் பிடரிச் சிக்கு முடியும்போது கதை கடலில் போய்ச் சேரும். வலிக்கிறது என்று சொன்னால் உடனே நிறுத்துங்கள். "கொஞ்சம் பொறு மக்ளே" என்று சொல்லிக்கொண்டே இழுத்த நாட்களில்தான் அவள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தாள். நிறுத்தப் பழகியபின் அவளே சீப்பை எடுத்துக்கொண்டு வருகிறாள்.

எதிர்பார்த்ததைவிட முடி கையோடு வந்தால் பயப்பட வேண்டாம். தினமும் எல்லாருக்கும் சில பத்து முடி உதிரும். கோரை முடியில் அது தரையில் விழுந்துவிடும், சுருட்டையில் உள்ளேயே தங்கி, தலைக்குளிப்பு நாளில் மொத்தமாக வரும்.

சுருளை எடுப்பது

கண்டிஷனரை முக்கால்வாசி மட்டும் அலசுங்கள். முடியில் ஒரு மெல்லிய வழுக்கல் மிஞ்ச வேண்டும். பிள்ளையைத் துடைத்து உடை மாற்றிக்கொள்ளலாம், தலையை மட்டும் துடைக்காதீர்கள். தண்ணீர் சொட்டும் முடியில்தான் அடுத்ததெல்லாம் செய்ய வேண்டும். தோளில் ஒரு துணி போட்டுக்கொண்டால் சரி.

முதலில் லீவ்-இன் கிரீம், அதாவது கழுவாமல் முடியிலேயே விடுகிற கிரீம், அது இல்லையென்றால் அதே கண்டிஷனரில் ஒரு நெல்லிக்காய் அளவு. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் முடிக்கற்றையை வைத்து, கைகூப்புவதுபோல் அழுத்திக் கீழே வழித்து வாருங்கள். பிறகு தலையைக் கவிழச் செய்து, நுனியை உள்ளங்கையில் ஏந்தி வேரை நோக்கி மெல்லக் கசக்குங்கள். சளக் சளக்கென்று சத்தம் வர வேண்டும். சத்தம் வரவில்லையென்றால் தண்ணீர் போதவில்லை, பாட்டிலால் தெளியுங்கள். இந்தச் சத்தத்தை நம்பலாம், வேறு அளவுகோல் வேண்டாம்.

அதன்மேல் ஆளி விதை ஜெல், ஒரு பாகத்துக்கு ஒரு மேசைக்கரண்டி, அதே மாதிரி வழித்து, அதே மாதிரி கசக்கி. கிரீம் ஈரத்தைக் கொடுக்கிறது, ஜெல் வடிவத்தைப் பிடிக்கிறது. கடைசியாக உள்ளங்கையில் நாலைந்து சொட்டு தேங்காயெண்ணெய் தேய்த்து, நுனிகளில் மட்டும். வழக்கமாக நாம் முதலில் வைக்கும் எண்ணெய் இங்கே கடைசியில் வருகிறது.

நெற்றிப் பக்கத்து முடி சுருளாமல் தொங்கினால், ஒரு விரல் தடிமன் கற்றை எடுத்து, ஆள்காட்டி விரலில் சுற்றி, மெல்ல விரலை உருவிவிடுங்கள். அது எந்தப் பக்கம் இயல்பாகச் சுருளுகிறதோ அந்தப் பக்கமே சுற்ற வேண்டும். தலை முழுக்க இப்படிச் செய்யப் பிள்ளை உட்கார மாட்டாள், தேவையும் இல்லை. முகத்தைச் சுற்றி ஏழெட்டுக் கற்றை போதும்.

இனிக் காயவிடுவது. துவர்த்தால் அடியிலிருந்து ஏந்தி, மெல்ல ஒற்றி, சொட்டுத் தண்ணீரை மட்டும் எடுங்கள். தேய்க்கவே கூடாது. அதன்பின் காயும்வரை யாரும் தொடக்கூடாது. பிணைப்புகள் பூட்டிக்கொள்கிற நேரம் இது. பாட்டி பிரியத்தில் தலையைத் தடவினாலும் சுருள் கலையும், வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். காய்ந்ததும் முடி மொறுமொறுவென்று விறைத்து நிற்கும். ஜெல்லின் உறைதான், கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரு சொட்டு எண்ணெய் கையில் தேய்த்துக்கொண்டு கீழிருந்து மேலாகக் கசக்கினால் விறைப்பு உடைந்து, உள்ளே மெத்தென்ற சுருள் தெரியும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நானும் மகளும் கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றோம்.

இரவும் பள்ளிக்கூடக் காலையும்

பருத்தித் தலையணை உறை ஈரத்தை உறிஞ்சும், உரசியும் சிக்காக்கும். சாட்டின் உறை வாங்கலாம். எங்கள் வீட்டில் அம்மாவின் பழைய பட்டுப் புடவையில் ஜரிகை இல்லாத உடல்பகுதியை வெட்டித் தைத்தோம், கையில் கிழியாத பகுதி இருந்தால் அதுவே போதும். நீளமான முடி என்றால் உச்சியில் தளர்வாக ஒரு துணி பேண்டால் கூட்டிக் கட்டிப் படுக்கவையுங்கள்.

நம் பக்கத்தில் பல பள்ளிகளில் இரட்டைப் பின்னலும் ரிப்பனும் கட்டாயம். ஆகவே விரித்துவிட்ட சுருள் சனி, ஞாயிறுக்குத்தான். திங்கள் காலை தண்ணீர்ப் பாட்டிலில் ஒரு பயறு அளவு கண்டிஷனர் கலந்து தெளித்து, விரலால் பிரித்து, சீப்பின் வாலால் வகிடு மட்டும் எடுத்துப் பின்னுங்கள். அந்தக் கலவையை இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். பின்னல் கண் இழுபடும் அளவுக்கு இறுக்கம் வேண்டாம். வருடக் கணக்கில் இறுக்கிக் கட்டினால் நெற்றியோரமும் காதோரமும் முடி மெலிந்து, சில சமயம் திரும்ப முளைக்காமலே போகும். மாலையில் வந்ததும் ரிப்பனை அவிழ்த்துவிட்டால் பின்னலின் அலை அழகாக விழும், கலைக்காமல் விடுங்கள்.

பூ வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. தோவாளைப் பிச்சி வாங்கினால் பிள்ளைக்கு வைக்காமல் இருக்க மனம் வராது. நாரில் கட்டிய சரம் அவிழ்ந்த சுருளில் சிக்கினால் எடுப்பது பாடு. பின்னலின் மேல் ஸ்லைடு போட்டு மாட்டுங்கள், படுக்கும்முன் எடுத்துவிடுங்கள்.

காற்றும் மழையும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முடியை விரித்துவிடவே வேண்டாம். கிரீம் சற்றுக் கூட்டி, பின்னிவிடுங்கள்.

நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவ மழையும் உண்டு. காற்றில் ஈரம் நிறைந்த நாட்களில் முடி அந்த ஈரத்தை உறிஞ்சிப் பொங்கும். கிளிசரின் முன்வரிசையில் இருக்கும் கிரீம் அதை இன்னும் இழுக்கும், மழை மாதங்களில் அதைத் தள்ளிவையுங்கள், ஜெல்லைக் கொஞ்சம் கூட்டுங்கள். தலை காயாத நாளில் காலை வெளிச்சத்திலேயே குளிப்பாட்டி, மின்விசிறிக்குக் கீழே உட்காரவையுங்கள். ஈரத்தோடு பின்னிப் பகல் முழுக்க விட்டால் தலைத்தோலில் அரிப்பும் வாடையும் வரும்.

பேன் வந்தால்

பள்ளிக்கூடம் போகிற எந்தத் தலைக்கும் வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை. கண்டிஷனர் தாராளமாக வைத்து, அகலப் பல் சீப்பால் சிக்கெடுத்தபின், சிறு சிறு கற்றையாகப் பேன் சீப்பால் வேரிலிருந்து வாருங்கள். வழுக்கலில் பேன் ஓட முடியாது. ஈர் (பேன் முட்டை) பொரிக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும் என்பதால், மூன்று நாளுக்கு ஒரு முறை இரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். வீட்டில் எல்லாத் தலையையும் ஒரே நாளில் பாருங்கள்.

செய்யக் கூடாதவை

எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிக் குழந்தைகளுக்குத் தேய்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். சிறு குழந்தைகளுக்குக் கற்பூரம் உடலில் ஏறினால் வலிப்பு வரக்கூடும்.

மொட்டை போட்டால் சுருட்டை நேராகும், அடர்த்தியாகும் என்பது உண்மையில்லை. வடிவத்தைத் தீர்மானிப்பது தோலுக்கு அடியில் இருக்கும் வேர்க்குழி. கத்தி அதைத் தொடுவதில்லை. நேர்ச்சைக்காக மொட்டை போடுவது அவரவர் விருப்பம்.

ஐந்து வயதில் என் மகளை முடிவெட்டக் கூட்டிப்போன இடத்தில், "ஸ்ட்ரெயிட்டனிங் பண்ணிடலாம், பிறகு உங்களுக்குக் கஷ்டமே இருக்காது" என்றார்கள். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி, "என் முடி கஷ்டமாம்மா?" என்று கேட்டாள். அந்த மருந்துகள் முடியின் உள்ளிருக்கும் பிணைப்புகளையே மாற்றுபவை, சிலவற்றைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு புகை வரும். புதிதாக முளைப்பது எப்படியும் சுருட்டையாகத்தான் முளைக்கும். பிள்ளைகளுக்கு இது வேண்டவே வேண்டாம். பிள்ளை காதுபட அவள் முடியைப் பற்றிக் குறை பேசுவதும் வேண்டாம்.

வட்ட வட்டமாக முடி கொட்டி, அந்த இடம் செதில் செதிலாக உரிந்தால் அது படையாக இருக்கலாம். எண்ணெய் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள், அதற்கு உள்ளுக்கு மாத்திரை தேவைப்படும்.

நுனி வெட்டுவது

மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு முறை நுனியைத் திருத்தினால் சிக்கு பாதியாகும். நனைந்த முடியை நீட்டிப் பிடித்து ஒரே கோட்டில் வெட்டக் கூடாது. காய்ந்ததும் ஒவ்வொரு சுருளும் ஒவ்வொரு அளவுக்கு மேலே ஏறி, ஏணிப்படி மாதிரி நிற்கும். தலைக்குளித்துக் காய்ந்த சனிக்கிழமை சாயங்காலம், நல்ல வெளிச்சத்தில், பிள்ளையை வாசல் படியில் உட்காரவையுங்கள். ஒவ்வொரு சுருளாக எடுத்து, இழுக்காமல், அது தொங்குகிற இடத்திலேயே பிளந்த நுனி கால் அங்குலம் மட்டும். கத்தரிக்கோல் தாள் வெட்டாத, முடிக்கென்றே வைத்திருக்கிற கூர்மையான ஒன்றாக இருக்கட்டும்.